கையில் இல்லாத டம்ளர்

மனநோய் மருத்துவமனையின் உணவுக்கூடம். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நோயாளி, இந்தப் பக்கம் விசாரிக்க வந்த இரண்டு அதிகாரிகள். பேச்சு நடுவில் அவள் குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள். இருவரில் ஒருவர் எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுக்கிறார். அவள் கையை வாயருகே கொண்டுபோய்க் குடிக்கிறாள். அந்த ஒரு ஷாட்டில் அவள் கையில் டம்ளர் இல்லை. விரல்கள் வளைந்திருக்கின்றன, பிடித்திருப்பது வெறும் காற்றை. அடுத்த ஷாட்டில் காலி டம்ளரை மேசைமேல் வைக்கிறாள்.

முதல் தடவை பார்க்கும்போது இது கண்ணில் படாது. பட்டாலும் கன்டினியூட்டி கோளாறு என்று விட்டுவிடுவோம். அது இல்லாத படம் எது? ஆனால் படம் மார்ட்டின் ஸ்கார்செஸியுடையது. படத்தொகுப்பு தெல்மா ஷூன்மேக்கர். 1980-ல் ‘ரேஜிங் புல்’ தொடங்கி ஸ்கார்செஸியின் கதைப்படங்கள் அத்தனையையும் தொகுத்தவர், மூன்று ஆஸ்கர் வாங்கியவர். அவர் கையைத் தாண்டி ஒரு டம்ளர் தற்செயலாகத் தொலைந்துபோக வாய்ப்பில்லை. யாரோ ஒருவர் கண்ணுக்கு அந்தத் தண்ணீர் தெரியவில்லை, அவர் கண் வழியாகத்தான் நாமும் அந்த நொடியைப் பார்க்கிறோம் என்பதே என் கட்சி.

‘ஷட்டர் ஐலண்ட்’ 2010 பிப்ரவரியில் வெளிவந்தது. இன்னும் பார்க்காதவர்கள் இந்த இடத்தில் பக்கத்தை மூடிவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வரலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ‘ட்விஸ்ட்’ தெரிந்துவிட்டால் படம் செத்தது என்று நம்மவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. இந்தப் படத்துக்கு அது பொருந்தாது. முடிச்சு தெரியாமல் பார்த்தால் இது நல்லதொரு திகில் படம். தெரிந்து பார்த்தால்தான் தாங்க முடியாத துக்கம்.

1954-ஆம் வருடம். பாஸ்டன் துறைமுகத்துக்கு அப்பால் கடலில் ஒரு தீவு. அதில் ஆஷ்கிளிஃப் என்ற மருத்துவமனை. குற்றம் செய்த மனநோயாளிகளை அடைத்துவைக்கும் இடம். பெற்ற பிள்ளைகள் மூன்று பேரை ஏரியில் மூழ்கடித்துக் கொன்ற ரேச்சல் சொலாண்டோ என்பவள் பூட்டிய அறையிலிருந்து மாயமாகிவிட்டாள். அவளைத் தேட மத்திய அரசின் மார்ஷல் டெடி டேனியல்ஸ் (லியனார்டோ டிகாப்ரியோ) புதுக் கூட்டாளி சக் (மார்க் ரஃபலோ) என்பவருடன் படகில் வருகிறார். டெடிக்குச் சொந்தக் கணக்கும் ஒன்று இருக்கிறது. தன் வீட்டுக்குத் தீவைத்து மனைவி டோலோரஸைக் கொன்ற ஆண்ட்ரூ லெய்டிஸ் என்பவன் இதே தீவில் இருக்கிறான், அவனைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தேடுகிறவரே தேடப்படுகிறவர் என்பதுதான் உண்மை. டெடி டேனியல்ஸ் என்று ஒருவரும் இல்லை. இரண்டு வருடமாக அங்கே நோயாளியாக இருக்கும் ஆண்ட்ரூ லெய்டிஸ்தான் அவர். மனநோய் முற்றிய அவர் மனைவி டோலோரஸ்தான் மூன்று பிள்ளைகளையும் ஏரியில் மூழ்கடித்தாள். அதைக் கண்ட அவர் அவளைச் சுட்டுக் கொன்றார். அதை ஏற்கமுடியாத மனம் அவரை வேறு ஆளாக்கிவிட்டது. அவர் கற்பனையை அதன் போக்கிலேயே நடத்திவிட்டால் கடைசியில் அது தானாகவே உடையும் என்று நம்பிய தலைமை மருத்துவர் கௌலி (பென் கிங்ஸ்லி) ஒரு தீவையே நாடக மேடையாக்குகிறார். சக் என்ற கூட்டாளி, ஆண்ட்ரூவுக்குச் சிகிச்சை செய்துவரும் மருத்துவர் ஷீஹன்.

இனி அந்த உணவுக்கூடத்துக்குத் திரும்பலாம்.

அந்தப் பெண்ணின் பெயர் பிரிட்ஜெட் கெர்ன்ஸ். கணவனைக் கோடரியால் கொன்றவள். ராபின் பார்ட்லெட் அந்தப் பாத்திரத்தில் வருவது சில நிமிடங்களே. ஷீஹன் என்ற டாக்டரைப் பற்றி டெடி கேட்கிறார். ஆள் நல்லவர், பார்க்கவும் மோசமில்லை என்கிற மாதிரி அவள் சொல்கிறாள். அந்த ஷீஹன் அவளுக்கு எதிரிலேயே போலீஸ் வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறார்! தன் டாக்டரின் அழகைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே, தெரியாதவள் மாதிரி பேச வேண்டிய நிலை. அந்தப் பதிலுக்கு முன்னால் அவள் தயங்கும் தயக்கத்தை முதல் முறை பயம் என்று நினைத்தோம். இரண்டாம் முறை அது கூச்சம் என்று தெரிகிறது. பிறகு தண்ணீர் கேட்டு ஷீஹனை எழுப்பி அனுப்பிவிட்டு, டெடியின் நோட்டுப் புத்தகத்தை இழுத்து ‘ஓடிவிடு’ என்று எழுதுகிறாள். நோயாளிக்கு நோயாளி செய்யும் உதவி. மருத்துவர்களின் நாடகத்துக்குள் அவள் தனியாக ஒரு வரி சேர்த்துவிடுகிறாள். வெளியே வந்ததும் டெடி, இவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்கிறார். துப்பறியும் மூளை பழுதில்லை. சொல்லிக்கொடுத்தது எதற்காக என்பதைத்தான் அதனால் எட்ட முடியவில்லை.

டம்ளர் ஏன் மறைந்தது? டெடிக்குத் தண்ணீர் ஆகாது. படத்தின் முதல் காட்சியிலேயே படகின் கழிப்பறையில் வாந்தியெடுத்துவிட்டு, வெறும் தண்ணீர்தானே என்று கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே தேற்றிக்கொள்கிறார். கடலொவ்வாமை என்று நாம் கடந்துவிடுகிறோம். மூன்று பிள்ளைகளைத் தண்ணீருக்குக் கொடுத்தவனின் வாந்தி அது.

இதைப் பிடித்துக்கொண்டால் படம் நெடுக ஒரு ஒழுங்கு தெரியும். நெருப்பு எரியும் இடமெல்லாம் மாயை, தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் உண்மை. குகைக்குள் தீ மூட்டி உட்கார்ந்துகொண்டு, இந்த மருத்துவமனை பெரிய சதி என்று விளக்கும் பெண் டாக்டர் (பட்ரீஷியா கிளார்க்சன்) டெடியின் கற்பனை. தனியாகத் தப்பி வாழும் ஒருத்திக்கு அத்தனை தெளிவான வாதமும் அத்தனை அமைதியும் எங்கிருந்து வந்தன? டெடி கேட்க விரும்பியதை மட்டும் அவள் சொல்கிறாள். மருத்துவமனையின் சி வார்டு இருட்டில் டெடி தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டு நடக்கிறார். தன் கற்பனையை விடாமல் எரிய வைத்துக்கொள்ள ஒரு மனிதன் படும் பாடு. கௌலியின் காரைக் கொளுத்த டோலோரஸ் தந்த கழுத்துப்பட்டையைத் திரியாக்கும்போது, எரியும் காருக்கு முன்னால் அவளும் அவர்கள் மகளும் வந்து நிற்கிறார்கள்.

தன் மனைவி தீயில் இறந்தாள் என்பது டெடி கட்டிய கதை. அதிலும் ஒரு நுணுக்கம். கொன்றது நெருப்பல்ல, புகை, அதுதான் முக்கியம் என்று சக்கிடம் அழுத்திச் சொல்கிறார். கேட்டபோது எனக்கு அந்த அழுத்தம் விளங்கவில்லை. புகையோ நெருப்போ, செத்தவள் செத்தவள்தானே? ஆனால் மூச்சுத்திணறிச் சாவது என்ற ஒரு விவரத்தை மட்டும் அவர் மனம் விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. நீரில் மூழ்கியவர்களும் மூச்சில்லாமல்தான் போனார்கள். பொய்யைக் கட்டும்போதுகூட உண்மையின் ஒரு செங்கல்லை அடியில் வைத்துத்தான் கட்டுகிறது மனம்.

அந்தத் தீ விபத்தில் இறந்தவர்கள் நான்கு பேர் என்கிறார். டோலோரஸும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்தால் நான்கு. ரேச்சலின் அறையில் கிடைக்கும் துண்டுச்சீட்டில் ‘நாலின் விதி’ என்றிருக்கிறது. டெடி டேனியல்ஸின் முழுப்பெயரான எட்வர்ட் டேனியல்ஸ் என்பதன் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் ஆண்ட்ரூ லெய்டிஸ். ரேச்சல் சொலாண்டோவைக் கலைத்தால் டோலோரஸ் ஷனால். நான்கு பெயருக்கும் பதின்மூன்று பதின்மூன்று எழுத்து. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இதைத் தீவின் கலங்கரை விளக்கத்துக்குள் பலகை வைத்துக் கௌலி விளக்கும் காட்சி படத்தின் பலவீனமான இடம் என்பேன். வாத்தியார் கரும்பலகையில் கணக்கு போடுவதைப் போல நீள்கிறது. அதுவரை கண்ணுக்குச் சொன்ன படம் அங்கே காதுக்குச் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

அதே காட்சியின் தொடக்கம் அற்புதம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்ணீரைக் கண்டு நடுங்கும் மனிதர், கலங்கரை விளக்கத்துக்குப் போக வேறு வழியில்லாமல் கடலில் குதித்து நீந்திப் போகிறார். உண்மை இருக்கும் இடத்துக்கு அவர் தண்ணீர் வழியாகத்தான் போயாக வேண்டும். சொட்டச் சொட்ட மேலேறி, கதவை உடைத்து நுழைந்தால், நாற்காலியில் நிதானமாகக் கௌலி. ‘ஏன் இப்படி நனைந்திருக்கிறாய், கண்ணே?’ என்கிறார். கண்ணே என்ற அழைப்பு ஒரு டாக்டர் வாயில் எவ்வளவு அபத்தம்! டெடி திடுக்கிட்டு, என்ன சொன்னீர்கள் என்கிறார். என்ன சொன்னேன் என்று உனக்கே தெரியும் என்கிறார் கௌலி. பிறகு ஏரிக்கரை நினைவு திறக்கும்போது, ஊஞ்சலில் ஈரத்தோடு உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் ஆண்ட்ரூ கேட்கும் அதே கேள்வி அது. இரண்டு வருடமாக அந்த மனிதன் திரும்பத் திரும்பச் சொன்ன கதையைக் கௌலி எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார் என்பதற்கு இந்த ஒற்றை வாக்கியம் போதும்.

ஏரிக்கரைக் காட்சியைப் பற்றி நிறையச் சொல்லலாம். அதற்கு முன்பு இரண்டு மணி நேரமாகத் திரையில் புயல், மழை, ஈரச் சுவர், பாசி, இருட்டு. ஒளிப்பதிவாளர் ராபர்ட் ரிச்சர்ட்சன் அந்தத் தீவில் வெயிலைச் சிக்கனமாகத்தான் காட்டியிருக்கிறார். மிகக் கொடிய நிகழ்ச்சி வரும்போதோ வசந்தகாலப் பகல். பச்சைப் புல், தெளிந்த ஏரி, பறவைச் சத்தம். வேலையிலிருந்து திரும்பும் கணவன் வீட்டுக்குள் நுழைந்து மதுவை ஊற்றிக்கொள்கிறான். பிள்ளைகள் எங்கே? பள்ளிக்கூடத்தில் என்கிறாள். இன்று சனிக்கிழமை, பள்ளி ஏது என்கிறான். என் பள்ளிக்கூடம் உண்டு என்கிறாள் டோலோரஸாக வரும் மிஷேல் வில்லியம்ஸ். அந்தப் பதிலைச் சொல்லும் குரலில் பைத்தியத்தின் ஆர்ப்பாட்டம் துளியும் இல்லை, கொஞ்சம் சோர்வும் கொஞ்சம் பிரியமும் மட்டும். அவன் தண்ணீருக்குள் ஓடுகிறான். மூன்று பேரையும் தூக்கிவந்து புல்லில் வரிசையாகக் கிடத்துகிறான். அவளோ பிள்ளைகளைத் துவட்டி, உடை மாற்றி, மேசையில் உட்கார வைக்கலாம், நாளைக்கு எங்காவது அழைத்துப் போகலாம் என்கிறாள். என்னை விடுதலை செய் என்று கேட்கிறாள்.

இங்கே இசை இல்லாமலே போயிருக்கலாம். ஆண்ட்ரூவின் அழுகையே போதும். டிகாப்ரியோவின் நடிப்பில் மிகை உண்டு என்று முறையிடுகிறவர்கள் இந்தக் காட்சியைத் திரும்பப் பார்க்கட்டும். இறந்த பிள்ளையின் முகத்திலிருந்து ஈர முடியை ஒதுக்கும் கையைப் பார்க்கட்டும்.

இந்தக் காட்சிக்குப் பிறகு அவன் ஒப்புக்கொள்வது என்ன? மனைவியைச் சுட்டதை மட்டும் அல்ல. பிள்ளைகளைக் கொன்றது நான்தான் என்கிறான். அவளுக்கு வைத்தியம் பார்க்காமல் விட்டேன், அதனால் கொன்றது நான் என்கிறான். அவள் சொல்லியிருக்கிறாள்: மூளைக்குள் ஒரு பூச்சி ஊர்கிறது, நரம்புகளை விளையாட்டுக்காக இழுத்துப் பார்க்கிறது என்று. நகரத்து வீட்டுக்குத் தீ வைத்தவளும் அவள்தான். அவன் செய்த பரிகாரம் ஏரிக்கரைக்கு வீடு மாறியது. அவன் காதில் விழுந்தது, கண்ணிலும் பட்டது. குடித்துவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்துகொண்டான்.

என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் உயிர் இதுதான். அவன் குற்றம் பார்க்காமல் விட்டது. அதற்கு அவன் மனம் தேர்ந்தெடுத்த மறைவிடம் என்ன? எல்லாவற்றையும் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட துப்பறிவாளன் வேஷம். அவன் உண்மையிலேயே ஒரு காலத்தில் மார்ஷலாக இருந்தவன் என்பதால் வேஷம் கச்சிதமாகப் பொருந்துகிறது. தரைக்கல்லுக்கு அடியிலிருக்கும் சீட்டைக் கண்டுபிடிக்கிறான். நோயாளிகள் 66 பேர் என்றால் 67-வது ஆள் யார் என்று கேட்கிறான். சாட்சியின் தயக்கத்தை அளக்கிறான். எதிரே ஒரு பெண் குடிக்கும் டம்ளர் தண்ணீர் மட்டும் கண்ணில் படவில்லை. வீட்டில் பக்கத்தில் இருந்தவளைப் பார்க்கத் தவறியவன், அந்நியர்களின் இரகசியங்களை எல்லாம் பார்த்துக்கொண்டே தீவைச் சுற்றுகிறான்.

டெடிக்கு அடிக்கடி வரும் டாக்காவ் வதைமுகாம் நினைவுகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்கப் படை அந்த முகாமுக்குள் நுழைந்தது சரித்திரம். சரணடைந்த நாஜிக் காவலர்களில் சிலரை அமெரிக்க வீரர்கள் சுட்டதும் சரித்திரம். படத்தில் கேமரா பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போக, வேலியோரம் நின்றவர்கள் வரிசையாகச் சரிகிறார்கள். நகர்வு நிற்பதே இல்லை. டெடி தன்னை அந்தக் கொலையாளிகளில் ஒருவனாகக் காண்கிறார். கௌலியோ பின்னால் ஒரு வார்த்தை போகிறபோக்கில் சொல்கிறார்: நீ அங்கே இருந்திருக்கலாம், காவலர்களைக் கொன்றிருக்க வேண்டும் என்பதில்லை. அப்படியானால் அந்தக் குற்றவுணர்ச்சியும் இரவல் வாங்கியதா? ஒரு சிறிய ஏரிக்கரையில் நடந்ததைத் தாங்க முடியாதவன் அதை உலகப் போரின் பிணக்குவியலுக்குள் ஒளித்துவைக்கிறான். குவியலில் கிடக்கும் தாயும் சிறுமியும் கண்விழித்து அவனைக் குற்றம் சொல்லும் முகங்கள் வேறு யாருடையவை? இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. பனி போர்த்திய அந்தப் பிணங்களை ஸ்கார்செஸி அளவுக்கு மீறி அழகாகப் படம்பிடித்துவிட்டார். உண்மையில் இறந்தவர்களின் துயரம் ஒரு கற்பனைப் பாத்திரத்தின் மனச்சித்திரத்துக்குத் திரைச்சீலையாகிவிடுகிறது. கனவின் அழகு அது என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு முழுதாக ஒப்பவில்லை.

இனி மார்க் ரஃபலோ. முதல் முறை பார்க்கும்போது அவர் இருப்பதே பெரிதாகத் தெரியாது. கதாநாயகனுக்குப் பக்கத்தில் நிற்க, ‘பாஸ்’ என்று கூப்பிட, சிகரெட் கொடுக்க ஒரு ஆள். மருத்துவமனை வாசலில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும்போது, டெடி சட்டென்று எடுத்துத் தருகிறார். சக் இடுப்பிலிருந்து உறையைக் கழற்ற முடியாமல் திண்டாடுகிறார். டெடி ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறார். டாக்டருக்குத் துப்பாக்கி பழக்கமில்லை, அவ்வளவுதான். சுற்றிலும் காவலர்கள் துப்பாக்கியும் கையுமாக விறைத்து நிற்கிறார்கள். மார்ஷல்களை வரவேற்க எதற்கு இவ்வளவு விறைப்பு? அவர்கள் வரவேற்பது அந்த மருத்துவமனையின் மிக ஆபத்தான நோயாளியை, ஆயுதம் போன்ற ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு வருகிறவரை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு மூதாட்டி உதட்டில் விரல் வைத்துச் சிரிக்கிறாள். முதல் தடவை முதுகு சில்லிட்டது. உண்மையில் அவள் தெரிந்த முகத்தைப் பார்த்துக் குசலம் விசாரிக்கிறாள்! காணாமல்போன பெண்ணைத் தேடும் வேட்டையில் காவலர்கள் பாறைமேல் சாவகாசமாக உட்கார்ந்திருப்பதும் இதே கதைதான். இல்லாத ஒருத்தியை எவ்வளவு நேரம்தான் தேடுவார்கள்?

ரஃபலோவின் கண் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். தடயத்தின் மீது அவர் பார்வை நிலைப்பதில்லை, டெடியின் முகத்துக்கே திரும்பித் திரும்பி வருகிறது. புயலில் கல்லறை மண்டபத்துக்குள் ஒதுங்கும்போது டெடி டாக்காவ் கதையைச் சொல்கிறார். சக் இடைமறிப்பதில்லை, ஆறுதலும் சொல்வதில்லை. சரியான இடத்தில் ஒரே ஒரு கேள்வி. நீங்கள் இவர்களைத் தேடி வந்தீர்கள் என்று நினைக்கிறீர்கள், உங்களை வரவழைத்ததே இவர்களாக இருந்தால்? கூட்டாளியின் சந்தேகம் மாதிரி தொனிக்கும் இது ஒரு மருத்துவர் நோயாளிக்கு நீட்டும் கயிறு. அவன் அதைப் பிடித்து மேலே வராமல், தன் சதிக் கதையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்கிறான். அப்போது ரஃபலோ முகத்தில் வந்து போகும் மெல்லிய ஏமாற்றத்துக்கு விருது கொடுக்கும் குழு எதுவும் இல்லை.

1954 என்ற வருடமும் சும்மா போட்டது அல்ல. மூளையின் முன்பகுதியைத் துண்டிக்கும் அறுவையைத் தொடங்கிவைத்த போர்ச்சுக்கல் மருத்துவர் ஏகாஸ் மோனிஸுக்கு 1949-ல் நோபல் பரிசு. அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் 1946-லிருந்து கண்குழி வழியாகக் கூரிய கருவியைச் செலுத்திச் சில நிமிடத்தில் அதை முடித்துக்கொண்டிருந்தார். மனநோய்க்கான குளோர்புரோமசின் மாத்திரைக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது இதே 1954-ல். கத்தி ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம். நடுவே கௌலி, பேச்சாலும் பொறுமையாலும் ஒரு மனிதனை மீட்டுக்காட்ட நினைக்கிறார். ஆண்ட்ரூ தேறாவிட்டால் அவன் மூளைக்குக் கத்தி வரும். கௌலியின் கொள்கையும் அத்துடன் தோற்கும். ஒரு தீவு முழுக்க நாடகம் போடுவது எந்த மருத்துவமனையிலும் நடக்காத கூத்து என்பது உண்மைதான். அந்தக் கூத்துக்குப் பின்னாலிருக்கும் பதற்றம் மட்டும் அந்தக் காலத்துக்கே உரியது.

ஸ்கார்செஸி இந்தப் படத்துக்கென்று புதிதாக இசையமைக்கச் சொல்லவில்லை. நண்பர் ராபி ராபர்ட்சனைக் கொண்டு இருபதாம் நூற்றாண்டின் இசைத் துண்டுகளைத் தொகுத்துக்கொண்டார். பெண்டெரெட்ஸ்கி, லிகெட்டி, ஜான் கேஜ் என்று பட்டியல் நீளம். இங்ரம் மார்ஷல் என்பவர் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவின் மூடுபனிச் சங்கொலிகளைப் பதிவு செய்து அதன்மேல் ஊதுகருவிகளைச் சேர்த்து உண்டாக்கிய ஒரு படைப்பும் அதில் உண்டு. பனியைக் கிழித்துக்கொண்டு கப்பல் வரும் படத்துக்கு இதைவிடப் பொருத்தம் எது? நேரிங் என்ற ஜெர்மானிய மருத்துவர் (மாக்ஸ் வான் சிடோ) உட்கார்ந்திருக்கும் அறையில் ஒலிப்பது மாலர் பதினாறு வயது வாக்கில் எழுதிய பியானோ நால்வர் இசை. சக் அதைப் பிராம்ஸ் என்கிறார், டெடி உடனே மாலர் என்கிறார். டாக்காவ் முகாமில் சாகக் கிடந்த நாஜி அதிகாரியின் அறையிலும் அதே இசைதான். நேரிங் இருக்கும் அறையின் கணப்பில் நெருப்பு வேறு எரிகிறது. எந்த நினைவு நிஜம், எது இசைத்தட்டு கிளப்பியது என்று பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகிறது.

கடைசிக் காட்சிக்கு வருவோம். முந்தின நாள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட ஆண்ட்ரூ, காலையில் மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். ஷீஹன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சிகரெட் கொடுக்கிறார். அவன் சக் என்று கூப்பிட்டு, இந்தத் தீவைவிட்டுப் போய்விட வேண்டும் என்கிறான். மறுபடி டெடியாகிவிட்டான். ஷீஹன் தூரத்திலிருக்கும் கௌலியைப் பார்த்துத் தலையை அசைக்கிறார். வெள்ளைத் துணியில் எதையோ சுற்றிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். அப்போது அவன் கேட்கிறான்: எது மோசம், அரக்கனாக வாழ்வதா, நல்லவனாகச் சாவதா? கேட்டுவிட்டு எழுந்து அவர்களை நோக்கித் தானாகவே நடக்கிறான். ஷீஹன் பதறி எழுந்து ‘டெடி?’ என்கிறார். அவன் திரும்பவில்லை.

டென்னிஸ் லெஹேன் 2003-ல் எழுதிய நாவலில் இந்தக் கேள்வி கிடையாது. லேட்டா கலோக்ரிடிஸின் திரைக்கதையில் வந்தது. அவன் புத்தி மறுபடி பேதலித்துவிட்டதா, தெரிந்தே நடிக்கிறானா என்று இன்றுவரை சண்டை. படத்துக்கு ஆலோசகராக இருந்த மனநல மருத்துவர் ஜேம்ஸ் கில்லிகன், குற்றவுணர்ச்சியோடு வாழ முடியாமல் அவன் தேர்ந்துகொண்ட மறைமுகத் தற்கொலை அது என்று சொல்லியிருக்கிறார். மாசசூசெட்ஸில் குற்றவாளி மனநோயாளிகளுக்கான பிரிட்ஜ்வாட்டர் மருத்துவமனைக்குத் தலைவராக இருந்தவர் அவர், இப்படிப்பட்ட மனிதர்களோடு புழங்கியவர். நானும் அவர் பக்கம்தான். டெடியாகவே இருந்திருந்தால் டெடி என்ற கூப்பாட்டுக்கு அவன் திரும்பியிருப்பான்.

ஆனால் என் மனம் தங்குவது ஷீஹனிடம். படம் முழுக்க நடித்தவர் அவர், நம்பிப் பார்த்தவன் ஆண்ட்ரூ. படிக்கட்டில் அது தலைகீழாகிறது. நோயாளி நடிக்கிறான், மருத்துவர் நம்பித் தலையசைத்துவிடுகிறார். உண்மை புரியும்போது ஆட்கள் நெருங்கிவிட்டார்கள். ஓடிப்போய்த் தடுக்க நேரம் இருக்கிறது. ஒரு பெயரைச் சொல்லி அழைக்கிறார், அத்துடன் நின்றுவிடுகிறார். கண்ணெதிரே இருப்பதைக் கண்டும் செயல்படாமல் நின்ற பாரம் ஏரிக்கரையிலிருந்து இப்போது அவர் தோளுக்கு வந்துவிட்டது.

மறுபடி பார்க்கிறவர்கள் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிட வேண்டாம். மாக்ஸ் ரிக்டரின் வயலின் இசைமேல் டைனா வாஷிங்டன் 1960-ல் பாடிய பாட்டை ஒட்டவைத்திருக்கிறார்கள். இருவரும் சந்தித்ததே இல்லை. ரிக்டர் பிறப்பதற்கு முன்பே டைனா இறந்துவிட்டார். ஒருவருக்காக ஒருவர் எழுதியது போல அவ்வளவு பாந்தமாக இருக்கிறது. முழுவதும் கேட்டுவிட்டே டிவியை அணையுங்கள்.